ஆளுக்கு ஒரு வாய்

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் நடை பழகுகிற தம்பியோ தங்கையோ இருந்தால் இதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். என் மகள் எடை ஏறாமல் என்னைப் பாடாய்ப் படுத்திய காலத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அப்போது மஞ்சக்குப்பத்தில் என் அண்ணன் குடும்பத்தோடு ஒன்றாக இருந்தோம். எனக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. என் மனைவி ஜவுளிக்கடைக்குப் போவாள். அண்ணனுக்குத் தெருமுனையில் டீக்கடை. மகளை அண்ணிதான் பார்த்துக்கொண்டார். ஒன்றரை வயது. கை கால் குச்சியாக, வயிறு மட்டும் உப்பலாக இருப்பாள். பால்வாடித் தராசில் தொங்கவிட்டுப் பார்த்த டீச்சர், "போன மாசம் இருந்த எடைதான் இப்பவும். வீட்ல இன்னாதான் குடுக்குறீங்க? அடுத்த தடவையும் ஏறலன்னா ஆஸ்பத்திரியில சேத்துதான் பாக்கணும்" என்றார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் சோற்றுக்கா பஞ்சம்? நேராக வந்து கேட்டேன்.

"பாப்பா இன்னிக்குச் சாப்ட்டுச்சா?"

"என் தட்டுல ரெண்டு வாய் வாங்கிச்சே தம்பி. மிச்சத்த உங்க அண்ணன் கடையில பாத்துக்குவாரு" என்றார் அண்ணி.

"நானா? ஒரு பொறை ரொட்டிய டீயில தோச்சுக் குடுத்தேன். அம்மாகாரி வந்து சோறு ஊட்டுவான்னு விட்டுட்டேன்" என்றார் அண்ணன்.

என் மனைவி, "நான் ஊட்டுனா வாயே தொறக்கலங்க. அக்கா நல்லா குடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

ஒரு லீவு நாளில் கூடவே இருந்து பார்த்தேன். அண்ணி தட்டில் ரசம் சோறு ரெண்டு வாய். காரம் போகட்டும் என்று உருளைக்கிழங்கைத் தண்ணீரில் அலசி ஒரு துண்டு. முள் குத்திவிடுமாம், மீன் கிடையாது. மந்தமாம், பருப்பும் முட்டையும் கிடையாது. நடுநடுவே பிஸ்கட். எல்லாரும் ஆசையாகத்தான் கொடுத்தார்கள். முழுசாக ஒரு வேளைச் சோற்றை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. பசி எடுக்கவும் விடவில்லை.

மறுநாளே ஒரு சின்னத் தட்டு வாங்கி வந்தேன். "இனிமே பாப்பாவுக்கு இதுலதான் சோறு. பருப்பு, முட்டை, முள்ளெடுத்த மீன். நடுவுல எதுவும் வேணாம்."

"கலெக்டரு ஆர்டர் போட்டுட்டாரு, எல்லாரும் கேட்டுக்குங்க" என்று அண்ணி சிரித்தார்.

"டீயும் பொறையும் தின்னு வளந்தவன்தானடா நீ? செத்தா போயிட்ட?" என்றார் அண்ணன்.

ராத்திரி மனைவி, "அக்கா கோச்சுக்கிட்டா யாரு புள்ளயப் பாத்துக்குவாங்க?" என்று கேட்டாள். தட்டு அலமாரியிலேயே கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் கடைப்பக்கம் விடாமல் பிடித்து வைத்துக்கொண்டேன். சமையல் நடக்கும்போது என் லுங்கியைப் பிடித்து இழுத்து, "சோறு" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். உலையில் அரிசி பாதிதான் வெந்திருந்தது. அதற்குள் அண்ணி அவள் கையில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தார். நான் பிடுங்கிவிட்டேன். தரையில் விழுந்து புரண்டு அழுதாள்.

"பச்சப்புள்ள கையிலேர்ந்து புடுங்குறியே, நீயெல்லாம் ஒரு அப்பனா!" என்றார் அண்ணி.

என் மனைவியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கத்துகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சோறு வடிக்கும்வரை அங்கேயே நின்றேன். பருப்பும் முட்டையும் போட்டுப் பிசைந்து கொடுத்தேன். விசும்பிக்கொண்டே தட்டு காலியாகும்வரை சாப்பிட்டாள். அன்று மத்தியானம் என்னோடு யாரும் பேசவில்லை. அதற்கப்புறம் நான் வீட்டில் இருக்கிற வேளையிலெல்லாம் இதே சண்டைதான்.

அடுத்த மாதம் தராசு முள் கொஞ்சம் நகர்ந்தது. "ஆஸ்பத்திரி இப்ப வேணாம். இப்படியே குடுங்க" என்றார் டீச்சர். வீட்டில் வந்து சொன்னேன்.

"நான் ஊட்டுனது வீண்போவல, பாத்தியா?" என்றார் அண்ணி.

"நம்ம வீட்டு உடம்புவாகு அப்படி. மெதுவாத்தான் ஏறும்" என்றார் அண்ணன்.

பருப்பு வெந்துவிட்டதா என்று பார்க்க அடுப்படிக்குப் போனேன்.