பியானோ இல்லாத மேடை

1987.11.14 – கச்சேரியில் வாசித்ததற்கு முதல் சம்பளம் – ரூ. 75
1996.05.03 – நடத்துகோல், ஒன்று – ரூ. 640
2024.03.04 – வீசா விண்ணப்பம் – ரூ. 44,700
2024.03.08 – வங்கிக் கூற்று – ரூ. 1,000
2024.03.19 – கம்பளிச் சட்டை, பாவித்தது – ரூ. 3,500

கணக்குக் கொப்பியில் எழுதிவைத்த அந்த நடத்துகோலை, இசைக்குழுவுக்குத் தாளம் காட்டும் சிறு கோலை, ராஜராஜேஸ்வரி மேடையில் ஒருநாளும் தூக்கியதில்லை.

செட்டியார் தெரு நகை வியாபாரி ஒருவரின் மகள் அவர். திருமணம் செய்யவில்லை. வெள்ளவத்தையில் வாடகை மேல்மாடியில் பியானோவோடு இருந்தார். பகலில் ஹெவ்லொக் டவுன் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். சனி பின்னேரங்களில் இரண்டு பஸ் ஏறி, கொட்டாஞ்சேனைத் தேவாலய மண்டபத்தில் மேற்கத்திய இசைக்குழு ஒன்றை நடத்தினார்.

1996இல் பழைய நடத்துநர் அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது அந்தக் குழு இவர் கைக்கு வந்தது. கோலையும் அந்த வாரமே வாங்கினார். முதல் ஒத்திகைக்கே பாசூன்காரர் வரவில்லை. அந்தக் குழல் பகுதியைப் பியானோவில் வாசித்துக்கொண்டே நடத்தினார். பிறகு ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் குறைந்தார். வராதவரின் பகுதியை இடது கை வாசிக்கும். வலது கை தாளம் காட்டும். இரண்டு கையும் வேண்டிவந்தால் தாடையை அசைத்துத் தாளம் காட்டுவார். அப்படியே கழுத்து எலும்பு தேய்ந்தது.

ஆள் குறையாத குழுவின் முன்னால் ஒரே ஒரு தடவை, பியானோவைத் தொடாமல், கோலை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

2022இல், நாடு நொடித்துப் பெற்றோல் வரிசைகள் நீண்ட காலத்தில், ஆட்கள் வெளிநாடு போகப்போகக் குழு கரைந்தது. ஓகஸ்டில் செலோ வாசிக்கும் ரிஷாத் ஒத்திகை முடிந்தும் போகாமல் நின்றான்.

"மிஸ், வீசா வந்தீக்கி."

"எங்க?"

"லண்டன்."

"முந்திப் போன எங்கட சுமனும் அங்கதான், நதாவும் அங்கதான். பேசாம அங்கயே ஒரு ஓர்கெஸ்ட்ராவைத் தொடங்குங்கோ. நான் வந்து நடத்துறன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். ரிஷாத் சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை செலோவின் பகுதியும் பியானோவுக்கு வந்தது.

2024 ஜனவரியில் அவன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மிஸ், நீங்க பகிடிக்கித்தான் சென்ன. நாங்க மெய்யாவே செஞ்சிட்டோம். நாப்பத்திநாலு பேர். நம்மட ஆக்கள் ஒம்பது பேர் ஈக்கிறாங்க. ஜூன் முதலாந் திகதி கச்சேரி. நீங்கதான் நடத்தணும்."

"பியானோ எந்தப் பக்கம் வைப்பீங்க?"

"பியானோ மேடையிலயே ஈக்காது மிஸ்."

அன்றிலிருந்து அலுமாரிக் கண்ணாடியின் முன் நின்று கோலோடு பழகினார். இடது கை என்ன செய்வதென்று தெரியாமல் பாவாடையைப் பிடித்துக்கொண்டது. மார்ச் மாதம் ஆகும்போதுதான் அது விட்டது.

விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பிக்கொடுத்தவர், கொட்டாஞ்சேனையில் மிஞ்சியிருந்த வயலின்காரர் சண்முகம்.

"புருசன், பிள்ளை?"

"இல்லை."

"சொந்த வீடு, காணி?"

"இல்லை."

"மாதச் சம்பளம்?"

"பிள்ளைகள் வந்தால் வரும்."

சண்முகம் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "திரும்பி வருவீங்கள் எண்டதுக்கு என்னத்தைக் காட்டுறது மிஸ்?"

"எல்லாரும் போயிட்டினம். நான் நிக்கிறன். அதை எழுதுங்கோ."

"அதுக்கு இதில கட்டம் இல்லை."

கடைசியில் வேறொரு தாளில் எழுதி இணைத்தார்கள்: இருபத்தெட்டு வருடமாக ஒரே குழுவை நடத்துகிறார், இந்த நாட்டை விட்டு ஒருநாளும் போனதில்லை. இதுவே பெரிய அத்தாட்சி என்று இருவரும் நம்பினார்கள்.

பதில், கடவுச்சீட்டோடு ஒரே உறையில் வந்தது. விண்ணப்பதாரிக்குச் சொந்த நாட்டில் போதிய பிணைப்புகள் இல்லை. இதற்கு முன் வெளிநாடு சென்று திரும்பிய வரலாறும் இல்லை. ஆகவே அவர் திரும்பி வருவார் என்று நம்ப முடியவில்லை.

சனிக்கிழமை வழக்கம்போல் கொட்டாஞ்சேனைக்குப் போனார். ஏழு பேர் வந்திருந்தார்கள். சண்முகம் கடிதத்தை வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"லண்டனுக்குச் சொல்லிப்போட்டீங்களோ?"

"ஓம். வேற ஆளைப் பார்க்கச் சொன்னன்." பியானோ மூடியைத் திறந்தார். "ஹோர்ன் ஊதுற பொடியன் எங்க?"

"அவனுக்குக் கட்டார்ல வேலை, மிஸ். நேற்றுப் போயிட்டான்."

ராஜராஜேஸ்வரி ஹோர்ன் பகுதியின் தாளை எடுத்து மற்றத் தாள்களின் மேல் வைத்தார். இரண்டு கையும் கட்டைகளுக்குப் போயின. தாடையைத் தூக்கித் தாளம் காட்டினார். ஏழு பேரும் தொடங்கினார்கள்.

கணக்குக் கொப்பியின் கடைசி வரியில் தொகை இல்லை, கடிதம் வந்து சேர்ந்த திகதி மட்டும்: 2024.05.21, செவ்வாய்க்கிழமை.