ரெஜினாவின் பதினொரு கொப்பிகள்

போன வாரம் என் மகனின் திருமணம். மணமக்கள் மணவறையில் இருக்க, பக்கத்துக் கதிரையில் இருந்த சொந்தக்காரி ஒருத்தி என் பக்கம் சரிந்து கேட்டாள்.

"பிளவுஸ் நல்ல அளவா இருக்கு. ஆர் தைச்சது? வெள்ளவத்தையிலயோ?"

"இல்லை, கொட்டாஞ்சேனையில."

"அவ்வளவு தூரம் போறியளோ?"

போகிறேன். ஐந்து வருடங்களாகப் போகிறேன். ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லலாம் என்று இருக்கிறேன். என் முழங்கால் வலி முதல் எங்கள் தொடர்மாடி லிஃப்ட் வரை எல்லாவற்றையும் இந்தப் பத்திரிகைப் பத்தியில் எழுதியாயிற்று. இதை மட்டும்தான் எழுதவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் புற்றுநோய் என்று சொல்லி என் இடது மார்பை எடுத்தார்கள். சுகமாகிவிட்டேன். அது பெரிய கதை, இன்னொரு நாள் பார்க்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒருவரும் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு பிளவுஸுக்கு என்ன செய்வது?

காலி வீதிக்குப் பக்கத்தில் வழக்கமாகத் தைக்கக் கொடுக்கும் கடைக்குப் போனேன். அங்கே ஒருத்தி அளவெடுத்துச் சத்தமாகச் சொல்வாள், மேசையில் இருக்கும் மற்றவள் எழுதுவாள். இடது பக்கம் வந்ததும் அளவெடுத்தவள் நின்றாள். நாடாவை மறுபடி பிடித்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள் — "மிஸ், இந்தப் பக்கம் எப்பிடி எழுதுறது?"

காத்திருந்த மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் சேலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன்பின் ஒரு வருடம் சேலையே உடுத்தவில்லை. கேட்டவர்களுக்கு, "ஆர் இந்த வெயிலுக்கு உடுக்கிறது" என்று சொன்னேன். கொழும்பில் அந்தப் பதிலை எல்லோரும் நம்புவார்கள்.

பிறகுதான் ஒரு சிநேகிதி ரெஜினாவைப் பற்றிச் சொன்னாள். கொட்டாஞ்சேனையிலிருந்து கிராண்ட்பாஸ் பக்கம் சரிந்து இறங்கும் வீதியில் சின்னக் கடை. ரெஜினாவும் நான்கு பெண்களும் தைக்கிறார்கள். திரைக்குப் பின்னால் ரெஜினாவே அளவெடுத்தாள், அவளே எழுதினாள். வாயைத் திறக்கவில்லை. ஏழு தடவை தைத்து, பிரித்து, மறுபடி தைத்தாள். ஏழாவது தடவை கண்ணாடியைப் பார்த்தேன். நான் நானாகவே தெரிந்தேன். அவ்வளவு நேரம் அந்தக் கண்ணாடி முன் நின்றதற்கு வேறு யாராக இருந்தாலும் கடிந்திருப்பார்கள்.

ரெஜினா எல்லாவற்றையும் கொப்பியில்தான் எழுதுவாள். தடித்த மட்டை போட்ட, கணக்கு எழுதும் பெரிய சீ.ஆர். கொப்பி. பதினெட்டு வருடங்களில் பதினொரு கொப்பி. கனடாவிலும் லண்டனிலும் இருந்து விடுமுறைக்கு வரும் பெண்கள் ஒருமுறை அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். பிறகு துணி மட்டும்தான் வரும்.

ரெஜினாவின் தங்கை ஜெசிந்தாதான் வெளிநாட்டு ஓடர்களைப் பார்க்கிறாள். இந்த வருடத் தொடக்கத்தில் ஒருநாள் நான் கடைக்குள் நுழையும்போது இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். கொப்பிகளில் இருப்பதை எல்லாம் கிளவுட்டில் ஏற்ற வேண்டும் என்பது ஜெசிந்தாவின் கட்சி.

"பொம்பளைங்கட உடம்பு அளவு, அக்கா," என்று ரெஜினா என்னிடம் முறையிட்டாள். "என்னை நம்பிக் குடுத்தது. அதைக் கொண்டுபோய் எங்கயோ தெரியாத இடத்துல வைக்கச் சொல்றா இவ."

"கொப்பி மட்டும் பெரிய பாதுகாப்போ? கடைக்கு வாறவங்க யாரும் விரிச்சுப் பார்க்கலாம்," என்றாள் ஜெசிந்தா. "நீங்களே சொல்லுங்க அக்கா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் என்னை? அந்தக் கொப்பிகளில் ஒளித்து வைக்க வேண்டியது யாருக்கு அதிகம் இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

நான் கேட்டேன் — "பேர் போடாமல் செய்யேலாதோ?"

ஏலும் என்றாள் ஜெசிந்தா. ஆளுக்கொரு இலக்கம். எந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியல் தனியாக, வேறு பூட்டோடு. அதைத் திறக்கச் சகோதரிகள் இருவரால் மட்டுமே முடியும். தைப்பவர்களுக்கு இலக்கமும் அளவும் மட்டும் தெரியும். புதிய இடத்திலிருந்து திறப்பதென்றால் ஜெசிந்தாவின் ஃபோனுக்கு வரும் குறியீடும் வேண்டும்.

"அப்ப செய்யுங்கோ," என்றேன். மூன்று மாதம் கடையிலிருந்த கம்பியூட்டரில் ஜெசிந்தா அடித்தாள். ரெஜினா அந்தப் பக்கமே போகவில்லை.

மகனின் திருமணத்துக்குப் பன்னிரண்டு நாட்கள் இருக்கும்போதுதான் அந்த மழை. வெள்ளி மத்தியானம் தொடங்கியது. சனிக்கிழமை ரெஜினா கடைக்குப் போக எடுத்த முச்சக்கர வண்டிக்காரர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். "எஹாட்ட யன்ன பே அக்கே, வத்துர." அங்கே போக முடியாது, வெள்ளம். ஞாயிறு பின்னேரம்தான் அவளால் கடையைத் திறக்க முடிந்தது.

திங்கள் காலை எங்கள் வீட்டு மணி அடித்தது. ரெஜினா. ஒரு கையில், திருமணத்துக்காக நான் கொடுத்திருந்த பட்டுச் சேலையும் பிளவுஸ் துணியும். கடையில் உயரத் தட்டில் இருந்ததால் அவை நனையவில்லை. மற்றக் கையில் ஒரு பொலித்தீன் பை.

"உள்ளுக்கு வாரும்," என்றேன். வந்தாள், கதிரையில் இருக்கவில்லை.

"இதை வேற யாரிட்டயும் குடுத்துத் தைச்சுக்கங்க அக்கா. கல்யாணம் கிட்ட வந்துட்டுது. என்னை நம்பி இருக்க வேண்டாம்."

பையைத் திறந்தாள். அது ஒரு கொப்பி என்று மட்டை மட்டும்தான் சொன்னது. உள்ளே ஒரே கூழ். நீல மை பக்கம் பக்கமாக ஊறிப் படர்ந்திருந்தது. ஓர் இலக்கம்கூட வாசிக்க முடியவில்லை.

"பதினொண்டும் இப்பிடித்தான். கீழ்த் தட்டுல வைச்சிருந்தன். தினமும் எடுக்கிறதுதானே..."

"என்னை இப்பவே அளவெடுத்தால் என்ன?"

"அளவெடுக்கலாம். ஆனா உங்கட அளவு நாடாவுல வாற அளவு இல்லியே. ஏழு தரம் பிரிச்சுத் தைச்சு வந்தது. ரெண்டு மெசினுக்குள்ள தண்ணி. ஒம்பது நாளுல நான் எப்பிடி ஏழு தரம் தைக்கிறது? சரி, நீங்களாவது பக்கத்துல இருக்கிறீங்க. கனடாவுல இருக்கிற ஆளை நான் எங்க போய் அளக்க?"

"ஜெசிந்தா அடிச்சு வைச்சவளெல்லே?"

"கம்பியூட்டர் நிலத்துல இருந்தது, அக்கா."

பேர் போடாமல் செய்யுங்கோ என்று பெரிய நியாயம் சொன்னவள் நான்தான். ஆனால் எனக்கும் அந்த நேரத்தில், கம்பியூட்டரில் அடித்தால் அது கம்பியூட்டருக்குள் இருக்கும் என்ற அளவில்தான் விஷயம் விளங்கியிருந்தது. ஜெசிந்தாவைக் கேட்கலாம் என்றால் அவள் மட்டக்களப்பில், கணவர் வீட்டில். அங்கும் மழை, கரண்ட் இல்லை. இரண்டு நாளாக ஃபோன் வேலை செய்யவில்லை.

தேத்தண்ணி கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டிருந்தாள், குடிக்கவில்லை. "தைக்கிற நாலு பேரும் என்னை நம்பி இருக்கிறாங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்றது?" என்றாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கூழாய்ப்போன கொப்பியின் ஓரத்தை விரலால் நேராக்கிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் அவளுடைய ஃபோன் அடித்தது. ஜெசிந்தா. ரெஜினா நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தாள். ஜெசிந்தா ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"அக்கா, கம்பியூட்டர் போனாப் போகட்டும். அது அதுக்குள்ள இல்ல."

"நீ அதுலதானே அடிச்ச?"

"அதுல இருந்து அடிச்சன். போய் இருக்கிறது வேற இடத்துல. அந்த கம்பெனிக்காரங்க ஒரு இடத்துல இல்ல, ரெண்டு மூணு இடத்துல கொப்பி எடுத்து வைச்சிருப்பாங்க. நம்பலன்னா பாருங்க. பக்கத்துல இருக்கிற ஃபோனை எடுங்க."

பக்கத்தில் இருந்தது என் ஃபோன். அவள் சொன்ன முகவரியை அடித்தேன். கடவுச்சொல்லைச் சொன்னாள். குறியீடு அவளுடைய ஃபோனுக்குப் போனது, வாசித்துக் காட்டினாள். ஆறு இலக்கம். அவசரத்தில் ஒருமுறை பிழையாக அடித்துவிட்டேன். இரண்டாவது தடவை திறந்தது.

எல்லாம் இருந்தன. வரிசை வரிசையாக, ஒன்றிலிருந்து அறுநூற்றுச் சொச்சம் வரை. ரெஜினா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "இருநூற்றுப் பதினாலைப் பாருங்க," என்றாள் ஜெசிந்தா ஸ்பீக்கரில். அது நான்.

அளவுகள் சரியாக இருந்தன. அதன் பக்கத்தில், கொப்பியில் ரெஜினா எழுதிய குறிப்பை ஜெசிந்தா ஓர் எழுத்தும் மாற்றாமல் அடித்திருந்தாள். "இடது பக்கம் பஞ்சு வேண்டாம். மெல்லிய பருத்தி நாலு மடிப்பு. தோள் அரை அங்குலம் இறக்கம். நான் இல்லாட்டி வேற ஆள் அளக்கிறதெண்டா, அளக்கும்போது கதைக்கக் கூடாது."

காலி வீதிக் கடையில் நடந்ததை ரெஜினாவிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். ரெஜினா ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு மேசையில் வைத்திருந்த என் பட்டுச் சேலையையும் துணியையும் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை பங்குக் கோவிலின் மண்டபத்தில் கடை நடந்தது. ஃபாதர் ஒரு கிழமைக்கு மண்டபப் பூட்டின் திறப்பைக் கொடுத்திருந்தார். நனையாத மூன்று மெசின், நான்கு பெண்கள், நான்கு ஃபோன். புதன்கிழமை நான் போயிருந்தபோது கனடாவிலிருந்து துணி அனுப்பியிருந்த ஒரு மணப்பெண் கை நீளத்தை மாற்றச் சொல்லியிருந்தாள். ஜெசிந்தா மட்டக்களப்பில் இருந்து மாற்றி அடித்தாள். மண்டபத்தில் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவள் ஃபோனைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். ஓர் அரை நிமிடம் பிந்தியிருந்தால் துணி போயிருக்கும்.

கிளவுட் என்றால் பெரிய கம்பெனிகளின் விஷயம் என்று நானும் நினைத்திருந்தேன். யோசித்துப் பாருங்கள்... பெரிய கம்பெனிக்கு நாலு கிளை இருக்கும், காவலாளி இருப்பார், ஒன்று போனால் இன்னொன்று. ஒற்றைக் கதவுக் கடைக்கு என்ன இருக்கிறது? கதவுக்குள் தண்ணீர் வந்தால் வியாபாரமே தண்ணீருக்குள். அந்தக் கதவு மூடியிருக்கும்போதும் வேலை நடக்க வேண்டிய தேவை யாருக்கு அதிகம்? சேர்வர் வாங்க வேண்டாம், அதைப் பார்க்க ஆள் வைக்க வேண்டாம். ஒரு ஃபோனும், கவனமாக வைத்த ஒரு கடவுச்சொல்லும் போதும். யார் எதைப் பார்க்கலாம் என்று முதல் நாளே யோசிக்க வேண்டும், அதுவும் உண்மை. ரெஜினா அன்றைக்குச் சண்டை பிடிக்காமல் இருந்திருந்தால் அறுநூறு பெண்களின் பெயரும் அங்கே கிடந்திருக்கும்.

இப்போது ரெஜினா புதிய ஆட்களை அளந்ததும் தானே ஃபோனில் அடிக்கிறாள். ஒற்றை விரலால், மெதுவாக. அளவெடுப்பதைவிட அடிப்பதற்குத்தான் நேரம் போகிறது என்று ஜெசிந்தா சிரிக்கிறாள்.

போன ஞாயிறு நானும் உட்கார்ந்து, என் பத்திகள் எல்லாவற்றையும் கிளவுட்டில் ஏற்றிவிட்டேன். இதை எழுதிக்கொண்டிருக்கும் லப்டொப் எட்டு வருடப் பழசு. எந்த நேரமும் கண்ணை மூடலாம். மூடட்டும்.