ரெண்டு ஆர்ட்டீன் ஏழு

நேற்று மருமகள் ரம்மியில் ஆட்டம் முடிந்ததென்று சீட்டுகளை விரித்து ஷோ வைத்ததும், என்னைத் தவிர சுற்றியிருந்த எல்லாத் தலைகளும் அவற்றின் மேல் குனிந்தன. சரிபார்க்கிறார்களாம். எனக்கு ராயபுரம் வீடு ஞாபகம் வந்துவிட்டது.

ஐம்பதுகளில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் கூடத்தில் பாய் விரிப்பார்கள். சிவப்பு முதுகுச் சீட்டுக்கட்டு எங்களுடையது. நீலம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அந்தோணி மாமாவுடையது. கடல்காற்றில் சீட்டுகள் ஒட்டிக்கொள்ளும் என்று அப்பா பவுடர் தூவித்தான் இரண்டையும் கலைப்பார். பந்தயம் காசு இல்லை, நெத்திலி. தோற்றவர் கூடை மீனையும் ஆய வேண்டும்.

ஆடிய ஒரே பெண் அம்மா. அதனாலேயே அவள் ஷோ வைத்தால் மாமா ஒவ்வொரு சீட்டாகத் தொட்டுப் பார்ப்பார். ஒரு ஞாயிறு அப்படிப் பார்த்து, "கரீட்டு" என்றார். எல்லோரும் சீட்டைப் போட்டுவிட்டார்கள்.

"இரு, இரு," என்றாள் அம்மா, சிவப்பு இதயம் போட்ட இரண்டு ஏழுகளைக் காட்டி. "ரெண்டு கட்டுலேர்ந்தும் ஆர்ட்டீன் ஏழே வந்துகீது. ஒரே சீட்டு ரெண்டு இருந்தா செட்டு ஆவாது. ராங் ஷோ. நான்தான் தோத்தேன்."

"இன்னா தங்கச்சி, நானே பாக்கலியே! கலச்சி வுட்டிருக்கலாமே?"

"நான் பாத்துட்டேனே!"

ஜெயித்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து அத்தனை நெத்திலியையும் ஆய்ந்தாள். அதற்கப்புறம் மாமா அவள் சீட்டில் கை வைத்ததே இல்லை.

"அத்தை, நீங்க பாக்கலையா?" என்றாள் மருமகள்.

"நீ பாத்துட்ட இல்ல? போதும்," என்றேன்.