எங்கள் பின்கோடுக்கு லேப்டாப் இல்லை

முதுகலை சமூகப்பணி படிக்கச் சேர்ந்தபோது என்னிடம் ஒரு லேப்டாப் இருக்கத்தான் செய்தது. அக்கா பிளஸ் டூ படித்த வருஷம் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. கல்யாணமாகிப் போகும்போது அவள் அதை எனக்கு விட்டுவிட்டுப் போனாள். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, கரண்டில் சொருகினால்தான் உயிர் வரும். அதனால் வகுப்பில் பிளக் பாயின்ட் இருக்கிற பின்சுவர் ஓரம்தான் எனக்கு இடம். ஒரு நாள் யாரோ நடந்து போகும்போது கால் பட்டு வயர் பிடுங்கிக்கொண்டது. பாதி அடித்திருந்த அறிக்கை போயே போய்விட்டது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வகுப்பு முடிகிறவரை அணைந்துபோன திரைக்கு முன்னால், தட்டச்சு செய்வதுபோல விரல்களை அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எண்ணூரில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, தாம்பரம் வண்டி மாறி, கிண்டியில் இறங்கவேண்டும். காலையில் பெண்கள் பெட்டியில் காலை வைக்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்த நெரிசலில் தோளில் லேப்டாப், செங்கல் கனத்தில் அதன் சார்ஜர், சாப்பாட்டு டப்பா, தண்ணீர். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி என்று செங்கல்பட்டுப் பக்கம் போகவேண்டியிருந்தது. அங்கே கிராமத்து அங்கன்வாடியில் பிளக் பாயின்டைத் தேடி அலைவேன். வீட்டுக்கு வந்தால் வலது தோளில் பட்டை பதிந்த இடம் சிவந்திருக்கும்.

எடை குறைவாக, ஒரு முழு நாள் சார்ஜ் நிற்கிற மாதிரி, எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் ஒன்று வேண்டும். ரயிலில் நின்றபடியே அந்த ஆராய்ச்சியைச் செய்தேன். இந்தக் கையில் கம்பி, அந்தக் கையில் போன். எத்தனை ஜி.பி. ராம் இருந்தால் போதும், எந்த பிராசஸர் சூடாகும், எதை போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏற்றலாம் என்றெல்லாம் யூடியூபில் பலர் சொல்லிக்கொடுத்தார்கள். என்னுடைய சந்தேகத்துக்கு மட்டும் எவரிடமும் பதில் இல்லை. எங்கள் வீட்டில் ஜன்னலைத் திறந்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து படியும். விரலால் இழுத்தால் கோடு விழும். அதோடு உப்புக்காற்று வேறு. மிக்ஸி, அயர்ன்பாக்ஸ் என்று வாங்கிப்போட்ட எதுவும் துருப்பிடிக்காமல் போனதில்லை. சாம்பலுக்கும் உப்புக்கும் தாங்குகிற லேப்டாப் எது என்று எங்கே போய்க் கேட்பது? காற்று போகிற ஓட்டை எதில் குறைவாக இருக்கிறது என்று படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, கடைசியில் ஒரு பதினான்கு அங்குல மாடலை முடிவு செய்தேன்.

அப்பா ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறார். கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்றால், சில சமயம் ஒரு ராத்திரி முழுக்க வண்டியிலேயே கிடப்பார். மாடலைச் சொன்னதும் விலையைக் கேட்டுவிட்டு, மொத்தமாக முடியாது, மாசாமாசம் கட்டலாம் என்றார். எங்கள் ஏரியாக் கடையில் பைக் வாங்கியதற்கு அப்படித்தான் கட்டினார், ஒரு மாசம்கூடத் தவறியதில்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீடு அண்ணா நகரில் இருந்தது. அங்கே ஒரு பெரிய கடையில் வட்டியில்லாத் தவணை கிடைக்கிறது, தானும் கூட வருகிறேன் என்றாள். அவளுக்கு இந்த விஷயமெல்லாம் அத்துப்படி, நல்ல மனசும்கூட. கதையில் அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வரிசையில் நின்ற வண்டியைக் கூட்டாளி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, குளித்து, கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கடை வாசலில் செருப்பைக் கழற்றப் போனவரை, வேண்டாம் அங்கிள் என்று தோழி தடுத்தாள். உள்ளே ஏசி குளிர்ந்தது. நான் தேடிய மாடலை மேஜைமேல் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு கையால் தூக்கினேன், தூக்கிய மாதிரியே இல்லை. அப்பாவும் தூக்கிப் பார்த்தார். வீட்டிலாக இருந்தால் ‘இன்னா பாப்பா, காய்தம் மாதிரி கீது’ என்றிருப்பார். அங்கே சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “வெயிட்டே இல்லையேம்மா” என்றார். என்னை அவர் ‘அம்மா’ என்று கூப்பிட்டதே கிடையாது. அவர் வாயில் அந்தக் கடைக்காக ஒரு தமிழ் தயாராகிக்கொண்டிருந்தது எனக்குப் புரிந்தது. நானும் கல்லூரியில் அதைத்தான் செய்கிறேன். ஆனாலும் அவர் செய்யும்போது பார்க்க முடியவில்லை.

தவணைக்கென்று ஓரமாக ஒரு கண்ணாடி மேஜை இருந்தது. டை கட்டிய ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். திருத்தமான தமிழ், நடுநடுவே ஆங்கிலம். அப்பாவின் ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கிக்கொண்டு, பின்கோடு என்ன சார் என்றார். அப்பா சொன்னார். அவர் அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தார். மறுபடி கேட்டார், மறுபடி அடித்தார்.

“சிஸ்டம் எடுக்கலை சார்.”

கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று அப்பா நினைத்துக்கொண்டார். பரவாயில்லை தம்பி, சரி பண்ணுங்க, நாங்க இருக்கோம் என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் ஃபிரிட்ஜ் வாங்க வந்திருந்த ஒரு தம்பதி எங்களைப் பார்த்தார்கள். அந்த இளைஞர் கொஞ்ச நேரம் மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அப்பாமேல் குறை ஒன்றும் இல்லை, கணக்கெல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஏரியாதான் பிரச்சினை, அந்தப் பின்கோடு நெகட்டிவில் இருக்கிறது என்றார்.

அப்பாவுக்குத் தெரிந்தவரை நெகட்டிவ் என்பது நல்ல சேதி. கொரோனா சமயத்தில் அந்தச் சொல்லைக் காட்டினால்தான் அவரை ஹார்பருக்குள் விட்டார்கள். அதனால் ஒரு நொடி அவர் முகம் தெளிந்தது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது, எங்கள் பின்கோடுக்காரர்களுக்குத் தவணை கிடையாது. அவருக்கு விளங்குகிறவரை இருந்த அந்த ஒரு நொடியைத் தாண்டவே முடியாதுபோல இருந்தது. தோழிக்கும் விளங்கிவிட்டது. சுவரில் தொங்கிய விளம்பரத்தை வாசிக்கிற மாதிரி அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா சட்டைப்பையிலிருந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு ஹார்பர் பாஸை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். பாஸில் இருக்கிற போட்டோவில் அவர் இளமையாக, மீசையை முறுக்கிவிட்டு இருப்பார். இதெல்லாம் தேவையில்லை சார் என்று அந்த இளைஞர் சொல்லச் சொல்ல, அப்பா மெதுவாகக் கேட்டார்.

“எங்க ஏரியா இன்னா தம்பி பண்ணுச்சு?”

கடைக்காகத் தயாரித்து வைத்திருந்த தமிழ் அதோடு போய்விட்டது. தோழிதான் பேசினாள். எங்க அப்பா பேர்ல போட்டுக்கலாம் அங்கிள், நீங்க மாசாமாசம் எங்ககிட்ட குடுத்துடுங்க, வீடு பக்கத்துலதான், இப்பவே போன் பண்றேன் என்றாள். உண்மையாகவே உதவத்தான் சொன்னாள். அப்பா தலையைக் குனிந்து, கையிலிருந்த பாஸ்புக்கின் முனையை நீவிக்கொண்டிருந்தார்.

“எனக்கு இந்த மாடல் பிடிக்கல. கீபோர்டு சரியில்ல. வாப்பா, போலாம்” என்றேன். அங்கே ஒருவரும் அதை நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

தோழியிடம் அங்கேயே விடைபெற்றுக்கொண்டு படியிறங்கினோம். பாதி இறங்கியிருப்போம், பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம். அந்த டை கட்டிய இளைஞர். அப்பா மேஜையிலேயே விட்டுவிட்டு வந்த ஹார்பர் பாஸை நீட்டினார். அப்பா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். அவர் திரும்பிப் போகவில்லை. மேலே கதவு மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார்.

“அண்ணே, தப்பா நெனிச்சுக்காதீங்க. என் வூடு தண்டையார்பேட்டைலதான் கீது. எனக்கே குடுக்க மாட்டானுங்க. இந்த போனை என் மச்சான் பேர்லதான் போட்டுக்கினேன்.”

சொல்லிவிட்டு அவர் தன் டையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். மேலே இருந்தபோது அவர் எங்களை நேராகப் பார்க்காததற்கு அலட்சியம்தான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன். அப்பா அவர் தோளில் கை வைத்து, சாப்டியா நைனா என்று கேட்டார். ரிச்சி தெருவில் பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்புகள் நல்ல நிலைமையில் கிடைக்கும், இதைவிட எடை குறைவாகக்கூட இருக்கும், பேட்டரியை மட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள் என்று அவர் சொல்லிவிட்டு அவசரமாகப் படியேறிப் போனார்.

பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். பாரீஸ் கார்னரில் இறங்குகிற சமயத்தில்தான், “அந்தக் கடைல கீற பொட்டிங்கள்லாம் ஹார்பர்லேர்ந்து நம்பள மாதிரி ஒருத்தன் இஸ்துகினு வந்ததுதான்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு தகவல்போலச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து ரிச்சி தெருவில் வாங்கினோம். கம்பெனி ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம் மூடியில் இருந்தது. ஆனால் இரும்பு மாதிரி உழைத்தது. பேட்டரி மாற்றியபின் காலையில் எடுத்துப்போனால் சாயங்காலம்வரை தாங்கியது. வகுப்பில் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தேன். தோழி அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. புது லேப்டாப்பைப் பார்த்து, சூப்பரா இருக்குடி என்றாள். அவள் பேசாமல் இருந்தது எனக்காகத்தான். இருந்தும் அதற்கப்புறம் மதியச் சாப்பாட்டுக்கு அவள் பக்கத்தில் உட்காராமலிருக்க ஏதாவது காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்குக் கூப்பிடு என்று அவள் முன்பெல்லாம் கேட்பாள். பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஒரு மாதப் பயிற்சிக்காக நாக்பூர் போகவேண்டி வந்தது. சென்ட்ரலில் வழியனுப்ப அப்பா வந்தார். என் பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளி, லேப்டாப் பையை ஜன்னலோரம் வைக்காதே என்று இரண்டு தடவை சொன்னார். எதிர் சீட்டில் வயதான ஒரு மனிதர், தனியாகப் பயணம் செய்கிறவர். மகளா, என்ன படிக்கிறாள் என்று அப்பாவிடம் பேச்சுக் கொடுத்தார். பிறகு, சென்னையில எங்கே உங்களுக்கு என்று கேட்டார்.

அப்பாவிடம் இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எண்ணூரு என்று அழுத்திச் சொல்வார். கேட்டவர் மேற்கொண்டு கேட்காமலேயே, எந்தக் குப்பம், எந்த ஸ்டாப் என்பதுவரை சொல்லிக்கொண்டு போவார். அன்றைக்கு என்னை ஒரு தடவை பார்த்தார். என் மடியில் இருந்த லேப்டாப் பையைப் பார்த்தார்.

“பாரீஸ் பக்கம் சார்” என்றார்.

அவர் அதைத் தனக்காகச் சொல்லவில்லை. என்னோடு பயணம் செய்யப்போகிற எதிர் சீட்டுக்காரர் என்னை என்ன நினைத்துவிடுவாரோ என்று சொன்னார். எனக்கு எது கஷ்டம் என்று கடைப் படியிறங்கிய அன்றைக்கே அவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். இல்லப்பா, எண்ணூர்னு சொல்லு என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் இறங்கிவிட்டார், வண்டி நகர்ந்துவிட்டது. அவர் ஜன்னலோடு கொஞ்ச தூரம் நடந்து வந்து, கையைக் காட்டிவிட்டு நின்றுகொண்டார்.

கூடூர் தாண்டியதும் அந்தப் பெரியவர் முறுக்கு டப்பாவைத் திறந்து நீட்டினார். எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலேயே, “எங்க வீடு எண்ணூர்ல சார், அப்பா சும்மா பாரீஸ்னு சொன்னாரு” என்றேன்.

அவர் அப்படியா என்றார். அங்கே கழிமுகத்துல இறால் நல்லா இருக்கும்பாங்களே, இப்பவும் கிடைக்குதா என்று கேட்டார். முன்ன மாதிரி இல்லை என்றேன். அப்புறம் அவர் தன் பேரனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

இதை அப்பாவிடம் சொல்லவேண்டும் என்று அன்று ராத்திரியே நினைத்தேன். சாப்டியா, ஏசி குளுருதா என்று அவர் போன் பண்ணியபோது சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் சொல்லவில்லை. இப்போது வேலைக்கே போகிறேன், இன்னமும் சொல்லவில்லை. சொன்னால், அவர் எனக்காகத்தான் பாரீஸ் என்று சொன்னார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.