இறக்கத்தில் பச்சைக் கார்

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க பச்சை நிறக் கார் ஒன்று சக்கரங்கள் இல்லாமல் மரக்கட்டைகளின் மேல் நின்றது. கூரை கிடையாது, இரண்டு பேர்தான் உட்காரலாம். கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்திய ஒரு முதலாளியின் பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் அது. அதன் சக்கரங்களில் சைக்கிளைப் போல மெல்லிய கம்பிகள் இருந்தன. ஒவ்வொரு சக்கரத்தையும் நடுவில் காது வைத்த ஒரே ஒரு பெரிய நட்டுதான் பிடித்திருந்தது. கடற்காற்று அந்தக் கம்பிகளைத் தின்றுவிட்டது. மாற்றுக் கம்பி எங்கேயும் கிடைக்கவில்லை.

சித்தப்பா கல்ஃபில் கார் பட்டறையில் வேலை பார்த்தவர். கல்யாணத்துக்காக வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. முதலாளியிடம் அவரே போய்ப் பேசினார். கம்பிச் சக்கரத்தை மாட்டும் ஹப் என்ற நடுக்குடத்தைக் கழற்றிவிட்டு நான்கு போல்ட் போடும் ஹப் வைப்பது, முன்பக்கம் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு, சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இறுக்கிப் பிடிக்கிற டிஸ்க் பிரேக் வைப்பது என்று ஏற்பாடு. உடைக்கப் போட்டிருந்த வேறொரு காரிலிருந்து ஹப்பும் டிஸ்க்கும், ஓட்டை போட்ட இரும்புச் சக்கரங்களும் வந்தன. அவை இந்தக் காரில் நேராகப் பொருந்தவில்லை. இடையில் வைக்க ஒரு வளையம் கடைவதற்காக அவர் தக்கலையிலுள்ள லேத் பட்டறைக்கு நடையாய் நடந்தார். தேய்ந்து கோடு விழுந்திருந்த டிஸ்க்குகளையும் அங்கேயே கடைந்து புதிதாக்கிக் கொண்டுவந்தார்.

வேலை பிடித்துவிட்டால் லாட்ஜின் பின்னாலிருந்த ஷெட்டைப் பட்டறை வைக்கத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் அப்பாவின் அலமாரியில் சித்தப்பாவுக்கான விசா தயாராக இருந்தது. அப்பாவுக்கு அதில்தான் நம்பிக்கை.

“பழைய இரும்பக் கட்டிப்பிடிச்சிட்டுக் கெடக்காதல. மரியாதைக்கு ஃபிளைட்டு ஏறு” என்று தினமும் சொல்வார்.

சித்தி கல்யாணமாகித் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. சித்தப்பா காருக்கு அடியில் படுத்திருக்கும்போது டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருப்பாள். அந்த ஷெட் கிடைக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் அவளைப் போல வேண்டிக்கொண்டவர்கள் யாரும் இல்லை.

முதல் ஓட்டம் வீட்டு முன்னாலுள்ள சமதளத்தில் நடந்தது. குறுக்கே வந்த கோழிக்கு முன்னால் கார் ஆணி அடித்ததுபோல் நின்றது. “கொள்ளாமே!” என்றாள் அம்மா. அந்த ஒரு சொல்லில் எனக்கு அனுமதி கிடைத்தது. மறுநாள் காலை முதலாளியும் அப்பாவும் கீழே ஜங்ஷன் டீக்கடையில் காத்திருப்பார்கள். என் பள்ளிக்கூடமும் அங்கேதான். நான் சீருடையில், புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன். எனக்கு எட்டு வயது.

அந்தக் காரில் உட்கார்ந்தால் தரை கைக்கெட்டும் தூரத்தில் ஓடும். படலைக் கதவைத் தாண்டியதும் சித்தப்பா பிரேக்கை ஒருமுறை மிதித்தார். கார் சற்றுத் தள்ளிப் போய் நின்றது. அவர் நெற்றியைச் சுருக்கினார். “புதுசுல்லா, பழகணும்” என்றார். என்னிடம் சொன்னாரா காரிடம் சொன்னாரா தெரியவில்லை.

ஜங்ஷனுக்குப் போகும் இறக்கம் நீளமானது. அது முடியுமிடத்தில் குறுக்கே திருவனந்தபுரம் ரோடு. லாரிகளும் பஸ்களும் இடைவெளி விடாமல் போகும். பாதி இறக்கத்தில் சித்தப்பாவின் முழங்கால் மேலும் கீழும் போவதைப் பார்த்தேன். மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்தார். காரின் வேகம் குறையவில்லை. கியரை மாற்றினார், எஞ்சின் அலறியது. கைப்பிரேக்கை இழுத்தார். பின்சக்கரம் கிறீச்சிட்டுக் கார் வாலை ஆட்டியது. மீன் சட்டியைத் தலையில் வைத்திருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டு மதிலோடு ஒட்டிக்கொண்டாள். நான் ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன். முதல் வரிக்கு அடுத்த வரி வரவில்லை. அதனால் முதல் வரியையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கீழே ஒரு பஸ்ஸின் சிவப்புப் பக்கம் குறுக்கே போனது. அதன் ஜன்னல்களில் இருந்த முகங்கள் தெரியும் அளவுக்கு நெருங்கிவிட்டோம்.

“மக்கா, தலைய குனி! காலத் தூக்கு!”

குனிந்தேன். கார் இடதுபக்கம் துள்ளியது. பெரிதாக ஏதோ எங்கள்மேல் சரிந்தது. பிறகு சத்தம் இல்லை. கயிறு திரிக்கும் இடத்துக்கு முன்னால் மலைபோலக் குவித்திருந்த தேங்காய்க் கதம்பை மட்டைக்குள் கார் புதைந்திருந்தது. என் தலையில் நார். பையை நெஞ்சோடு பிடித்திருந்த கைகளைப் பிரிக்க முடியவில்லை.

சித்தப்பா முதலில் என் கைகால்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். சக்கரத்து ஓட்டைகள் வழியாகப் புகை வந்தது. அடுக்களையில் சட்டி காயும்போது வருகிற வாசனை அது. அவர் விரலை உள்ளே விட்டு எடுத்து முகர்ந்தார். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“சித்தப்பா, தேங்காண்ணெய் மணக்குவு.”

“மிண்டாத மக்கா.”

அவர் விரலைப் பேன்ட்டில் துடைக்கவும் அப்பாவும் முதலாளியும் ஓடிவரவும் சரியாக இருந்தது.

“பிள்ளையக் கொல்லப் பாத்தியால!” அப்பா கத்தினார். “என்னத்தல செஞ்ச?”

“பிரேக் குழாயில காத்து நின்னுட்டு. நான் ஒழுங்கா எடுக்கல்ல” என்றார் சித்தப்பா. “என் தப்பாக்கும்.”

முதலாளி கோபப்படவில்லை. “பிள்ளைக்கு ஒண்ணும் ஆவல்ல, அது போரும்” என்றார். மதியத்துக்குள் ஒரு லாரி வந்து காரைக் கட்டி இழுத்துப் போனது. ஷெட்டைப் பற்றி அவர் பேசவில்லை. சித்தப்பாவும் கேட்கவில்லை.

சாயங்காலம் சித்தப்பா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அம்மாவின் திட்டு ஓய்ந்த பிறகு சித்தி சோப்பை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். நான் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

“பிரேக்கு போனது போட்டும். டிஸ்க்காவது பளபளப்பா இருந்துதா? வெளுப்பாங்காலம் எந்திச்சு வந்து பாக்கேன், பனியில துரு பிடிச்சிக் கெடக்கு. மொதலாளி பாத்தா என்ன நெனைப்பாரு? சக்கர ஓட்டைக்குள்ள வெரல விட்டு, தேங்காண்ணெய தொட்டு ரெண்டையும் நல்லா தேச்சு விட்டேன். எங்க அப்பா வள்ளத்து எஞ்சின அப்பிடித்தான் பாத்துக்கிடும்.”

சித்தப்பா கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். “ம். கண்ணாடி மாதிரி இருந்துது. மொதலாளி அதத்தான் மொதல்ல பாத்தாரு” என்றார்.

அன்றைக்கு முதல்முறையாக சித்தி சிரித்தாள்.

முதலாளி சக்கரத்துப் பக்கம் திரும்பக்கூட இல்லை என்பதை நான் பார்த்திருந்தேன். டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. காற்று என்று பெரியவர்கள் சொன்னார்கள், நம்பினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், சித்தப்பா கொஞ்சமும் கூசாமல் ஒரு பொய் சொன்னார் என்பதுதான். இறக்கத்தில் வந்த பயம் ராத்திரிக்குள் போய்விட்டது. இந்தப் பயம் போகவில்லை. இத்தனை எளிதாகப் பொய் சொல்கிற ஒருவர் என்னிடம் இதுவரை எதையெல்லாம் சொல்லியிருப்பார்? அவர் கூப்பிட்டால் போகாமலானேன்.

விசா முடிவதற்குள் அவர் கிளம்பினார். விமான நிலையத்துக்கு வேனில் எல்லோரும் போனோம். அவர் மடியைத் தட்டி, “இஞ்ச வா மக்கா” என்றார். நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

“அண்ணைக்கிலேர்ந்து இவ இப்பிடித்தான், வண்டின்னாலே பயருதா” என்றாள் அம்மா.

“என் தப்புதான்” என்றார் சித்தப்பா.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி, கண்ணைத் துடைத்தபடி, ஆமாம் என்று தலையாட்டினாள்.