ஆக்சிஜன் கூண்டில் வீரம்மா

வட்டக்கானலில் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகள் துவைப்பது வீரம்மாவின் வேலை. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மதுரையில் கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு வைத்துக் குணமாகி ஆறேழு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் வீட்டில் நினைத்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில் சிறுநீரில் ரத்தம் வந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. கருஞ்சிவப்புச் சேலைகளாகப் பார்த்துக் கட்டினார். விடுதி விரிப்புகளோடு தன் பாவாடைகளையும் துவைத்துப்போட்டார். மேகம் மூடி எதுவும் காயாத அந்த மலையூரில் அது பெரிய சோலியாக இருந்தது. கடைசியில் ரத்தக்கட்டி அடைத்து, சிறுநீர் இறங்காமல் துடித்தபோது கணவர் வேலுசாமி ஜீப் பிடித்தார்.

மதுரையில் குழாய் போட்டுக் கழுவினார்கள். புற்றுநோய் திரும்பவில்லை என்றார் டாக்டர்.

"பெறகு ஏங்க சார் ரத்தம்?" என்றார் வீரம்மா.

"அன்னைக்கு வச்ச கரண்டுதாம்மா. நோயையும் கொன்னுச்சு, மூத்திரப்பையையும் பொசுக்கிருச்சு. காத்தழுத்தம் கூடுன அறையில உக்காந்து ஆக்சிஜன் இழுத்தா, அங்க புதுசா ரத்தக்குழாய் வளரும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது."

"வைத்தியத்துக்கே வைத்தியமா?" என்றார் வேலுசாமி.

டாக்டர் ஆமாம் என்றார்.

அந்த அறை கோயம்புத்தூரில் இருந்தது. மகள் சுதாராணி அங்கே மில்லில் வேலை பார்த்ததால் தங்க இடம் கிடைத்தது. தலையில் எண்ணெய் இருந்தால் உள்ளே தீப்பிடிக்கும் என்றார்கள். வீரம்மா சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளித்து, பரட்டைத் தலையோடு போனார்.

இரும்புக் கதவு மூடியது. காது அடைத்தது. மூக்கில் மாட்டிய ஆக்சிஜன் முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கதவைத் தட்டினார். அழுத்தத்தை மெல்லக் குறைத்த பிறகுதான் திறக்க முடியும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். திறக்கும்வரை தட்டினார்.

"நாளைக்கு வர மாட்டேன்."

உள்ளே எதிரில் உட்கார்ந்திருந்தவர் சண்முகராஜ். காலில் சர்க்கரைப் புண். "வாங்கக்கா. நீங்க தட்டுனதுல எனக்கும் பொழுது போச்சு," என்றார்.

மறுநாள் வீரம்மா வந்தார். ஊருக்குத் திரும்பினால் ஈரப் பாவாடைகள்தான் என்று தோன்றியதாம். முகமூடிக்குள்ளிருந்து பேசினால் ஒன்றும் புரியாது. இருவரும் தினமும் பேசினார்கள்.

இரண்டு மாதத்தில் ரத்தம் வெளிறி, பிறகு நின்றது. சண்முகராஜுக்கு ஒரு விரல் போனது, கால் தப்பியது.

ஊர் திரும்பி வேலைக்குப் போனதும் விடுதிக்காரி சுசித்ரா, இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று கேட்டார். சாப்பாட்டு மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள். வீரம்மா குரலைத் தணிக்கவில்லை.

"மூத்திரப்பை பொசுங்கிக் கெடந்துச்சுங்கம்மா. இப்ப ரத்தம் இல்ல. ஆனா அடிக்கடி ஒண்ணுக்குப் போவேன், தேடாதீங்க."