முப்பிடாதி வாசலில் கட்டிய வேப்பிலை

"ஆயிரம் ரூவாய்க்கு என் வாசலை வித்துட்டியேடி! உன் வாசலை வித்தா எவன்டி பத்துக் காசு குடுப்பான்?"

சொல்லிக்கொண்டே முப்பிடாதி கமலாக்ஷியின் கொண்டையைப் பிடித்துவிட்டாள். குழாயடியில் வரிசையாக நின்ற குடங்கள் உருண்டன. "ஐயோ, அம்மை வீட்டுக்காரி தொட்டுட்டா!" என்று ஒருத்தி அலற, அத்தனை பெண்களும் ஓடினார்கள். ஓட முடியாதவள் கமலாக்ஷி மட்டும்தான். கொண்டை முப்பிடாதியின் கையில் இருந்தது.

"விடுடி நாறி! வசூரி அம்மையை வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சது நீ. நான் நாட்டுக்கு நல்லதுதான் செஞ்சேன்!"

"நாட்டுக்கா? பசுமாடு வாங்கணும்னு உன் புருஷன்கிட்ட நீ சொன்னது எனக்குக் கேக்கலைன்னு நினைச்சியா? நடுவுல இருக்கிறது ஒத்தச் செங்கல் சுவருடி!"

இது நடந்தது கொச்சி மட்டாஞ்சேரியில், எமர்ஜென்சி வந்த வருஷம், ஐப்பசி மாசம். முப்பிடாதி திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. சுக்கு மண்டியில் முறத்தோடு உட்கார்ந்து பொறுக்கிப் பிழைத்தவள். புருஷன் செத்து ஆறு வருஷம். அவளுக்கென்று மிஞ்சியது தம்பி இசக்கிமுத்து ஒருவன். வெலிங்டன் தீவில் மூட்டை சுமப்பவன். போனஸைக் குறைத்துவிட்டார்கள் என்று அவன் கிடங்கு வாசலில் நின்று நாலு வார்த்தை பேசினான். ஒரு நோட்டீசும் ஒட்டினான். அந்தக் காலத்தில் அது போதும். உடன் ஒட்டிய இரண்டு பேரைப் போலீஸ் கொண்டுபோனது. ஒருவன் திரும்பும்போது நடக்கத் தெரியாதவனாகத் திரும்பினான்.

இசக்கிமுத்து ஓடிவந்து அக்கா வீட்டுக் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டான்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தியால? இப்ப எலி மாதிரி கிட" என்றாள். திட்டிக்கொண்டே போய் வேப்பங்கொத்து ஒடித்து வந்து நிலைப்படியில் கட்டினாள். அம்மை இறங்கிய வீட்டுக்கு எங்கள் சனம் வேப்பிலைதான் கட்டும். கட்டிவிட்டால் சொந்தக்காரனும் படியேற மாட்டான்.

மறுநாள் தேடி வந்த போலீஸ்காரன் வேப்பிலையைப் பார்த்து நின்றான்.

"எந்தா இது?"

"அம்மா வந்திருக்கா சாரே. உள்ள தங்கச்சி கிடக்கா. வாங்க, வந்து பாருங்க."

"வசூரியோ? ஈஸ்வரா!" என்று அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு போனான். முப்பிடாதிக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமை ஒரு ராத்திரி கூடத் தாங்கவில்லை. ஊர்ச் சுவர்களில் எல்லாம் எழுதியிருந்தது: பெரியம்மை கண்ட வீட்டைக் காட்டிக்கொடுத்தால் ஆயிரம் ரூபாய். முப்பிடாதிக்கு எழுத்துத் தெரியாது. கமலாக்ஷிக்குத் தெரியும். பாலக்காட்டில் நாலாம் வகுப்பு வரை போனவள். ஊரையே விலக்கி நிறுத்தும் அந்த வேப்பிலை இப்போது கவர்மெண்டை வீட்டுக்கே கூட்டி வந்தது.

சாயங்காலம் ஊசிக்காரர் வந்தார். முப்பிடாதி கையில் குத்தினார். கட்டிலில் தலை முதல் கணுக்கால் வரை சேலை போர்த்தி, தெரிந்த பாதத்தில் மஞ்சள் அப்பி ஒரு உருவம் கிடந்தது. அவர் கிட்டப் போனார்.

"நோயாளிக்கு ஊசி இல்லை. என்ன அம்மைன்னு பார்த்துச் சொல்றது டாக்டர். நாளைக்கு மத்தியானம் வருவார். அதுவரைக்கும் இந்த வீட்டிலிருந்து ஒரு ஈ வெளியே போகக்கூடாது."

வாசலில் ஒரு காவல்காரனையும் நிறுத்திவிட்டுப் போனார். போர்வையைத் தூக்கினால் மீசையோடு ஒரு சுமட்டுக்காரன் இருப்பான். டாக்டர் போலீசைக் கூப்பிடுவார். அப்புறம் இவனும் நடக்கத் தெரியாதவனாகத்தான் வருவான்.

விடிந்ததும் முப்பிடாதி பிளேடை எடுத்து அவன் மீசையை வழித்தாள். போலீசுக்கு அழாதவன் மீசைக்கு அழுதான்.

"அழுதா கன்னத்தைக் கீறிருவேன்லே. சேலையைக் கட்டு. முக்காடு போடு. குடத்தை இடுப்புல வை."

"தலையில வச்சுக்கிடுறேன்க்கா, பழக்கம்."

"தலையில வச்சா படகுத்துறையில நிக்கிற போலீஸ்காரன் ஒரே பார்வையில சுமட்டுக்காரன்னு கண்டுபிடிப்பான். இடுப்புல வைலே! குடத்தோட போற பொம்பளைய எவனும் எங்க போறேன்னு கேக்க மாட்டான்."

பத்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். வந்த சத்தம் கேட்டதும் அவள் காவல்காரனைத் தள்ளிவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள். "பிடி, பிடி!" என்று அவன் பின்னால் ஓடி வந்தான். அவள் கமலாக்ஷியின் கொண்டையைப் பிடித்தது அப்போதுதான். நடிப்பு என்று நினைக்க வேண்டாம். ஒரு கொத்து முடி நிஜமாகவே கையோடு வந்தது. சந்து முழுக்க அங்கே பார்த்துக்கொண்டிருக்க, இடுப்பில் குடத்தோடு ஒரு முக்காட்டுக்காரி படகுத்துறைப் பக்கம் திரும்பிப் போனாள். எறணாகுளம் போட் கிளம்புகிற நேரம்.

மத்தியானம் டாக்டர் வந்தார். கட்டில் காலி.

"உன் தங்கச்சி எங்கே?"

"குணமாயிருச்சு. ஊருக்குப் போயிட்டா."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியம்மைக்காரி ஒருத்தி போட்டில் ஏறிப் போய்விட்டாள் என்றால் சும்மாவா? சந்தின் இரண்டு முனையையும் மூங்கில் வைத்து அடைத்தார்கள். முப்பது வீட்டில் பிள்ளை முதல் கிழடு வரை ஊசி. படகுத்துறையில் ஊசித் தழும்பு காட்டினால்தான் போட். கூலிக்குப் போக முடியாமல் சந்து முழுக்க முப்பிடாதியைச் சபித்தது. அவள் வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள்.

"இவ நாக்கு அழுகிப் போகணும்" என்றாள் கமலாக்ஷி.

"அழுகினா உன் வீட்டுச் சாம்பாருக்குப் போடு."

முப்பிடாதி இரண்டு நாள் எண்ணினாள். செங்கோட்டை தாண்டித் தம்பி ஊர் சேர அவ்வளவு வேண்டும். மூன்றாம் நாள் டாக்டரிடம் சொன்னாள்: "சாரே, அம்மையும் இல்ல, தங்கச்சியும் இல்ல. அது என் தம்பி. மூங்கிலை எடுத்திருங்க."

கமலாக்ஷிக்கு ஆயிரமும் போச்சு, பசுவும் போச்சு. முப்பிடாதியைப் போலீஸ் நாலு நாள் வைத்திருந்தது. அங்கே என்ன நடந்தது என்று அவள் யாருக்கும் சொன்னதில்லை. அதன் பிறகு அவளுக்கு இடது காது கேட்காது, அவ்வளவுதான்.

வந்த பிறகும் குழாயில் அவளுக்கு முறை விடவில்லை. எல்லோரும் பிடித்து முடித்த பின் மண்ணெண்ணெய் டின்னில் பிடித்தாள். புதுக் குடம் வாங்கச் சொன்னவர்களிடம், "என் குடம் வரும்" என்றாள். ஒன்றரை வருஷம் டின்னிலேயே குடித்தாள். தண்ணீர் நாறியது.

எமர்ஜென்சி போன பிறகு இசக்கிமுத்து வந்தான். மீசை முன்னைவிடப் பெரிதாக இருந்தது. கை வெறும் கை. அக்கா காலில் விழப் போனான்.

"அது கிடக்கட்டும். குடம் எங்கலே?"

"போட்லயே விட்டுட்டேன்க்கா. இறங்குற அவசரம்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நன்றாகத்தான் நடந்து வந்திருந்தான். காலில் ஒரு குறையும் இல்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, அவனையும் இழுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனாள். கடைக்காரன் பத்தொன்பது சொன்னான். அவள் சண்டை போட்டாள். அலுமினியக் குடம், நடுத்தரம், பதினேழரை ரூபாய்.